டிவியில் பேச அழைப்பு வந்தால்: முதல் போன் முதல் ஒளிபரப்புக்கு மறுநாள் வரை

சென்னையில் ஒரு விவாத நிகழ்ச்சியில் ஆறு வருடம் கோஆர்டினேட்டராக வேலை பார்த்தேன். தலைப்பு முடிவானதும் அதற்கேற்ற ஆட்களைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. போனில் பேசி, யாருக்குச் சரளமாகப் பேச்சு வருகிறது என்று பார்த்து, சென்னைக்கு வரவழைத்து, டிபன் வாங்கிக் கொடுத்து, மைக் மாட்டி உட்கார வைத்து, ராத்திரி பஸ் ஏற்றி விடுவது வரை எல்லாம் எங்கள் பொறுப்பு.

டிவியில் ஒரு முறை முகம் காட்டிவிட்டு ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன்தான் வந்தோமோ என்று அழுதுகொண்டே பஸ் ஏறியவர்களையும் பார்த்திருக்கிறேன். பேச்சுத் திறமையில் இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. எதைச் சொல்லப் போகிறோம், எது என்ன ஆனாலும் வாயிலிருந்து வராது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தவர்கள் நன்றாகப் போனார்கள். அந்த முடிவை மேடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த முடிவை நீங்கள் முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சாதாரண மனிதர் திரையில் வருவது நம் ஊரில் புதிதல்ல. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒரு விவசாயி திரையில் பேச வேண்டுமென்றால் ‘வயலும் வாழ்வும்’ மாதிரி ஒன்றிரண்டு நிகழ்ச்சிகள்தான் வழி. 1993-ல் சன் டிவி வந்தது. விசுவின் ‘அரட்டை அரங்கம்’ மைக்கை ஊர் ஊராக எடுத்துப்போய் மக்கள் கையில் கொடுத்தது. 2000-ல் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’ வந்தது. 2006-ல் விஜய் டிவியில் ‘நீயா நானா’, ‘சூப்பர் சிங்கர்’ இரண்டும் தொடங்கின. இப்போது விவாதம், பாட்டு, காமெடி, சமையல், வினாடி வினா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்கள் தேவை. அதனால் உங்களுக்கும் ஒரு நாள் போன் வரலாம்.

முதல் படி: கூப்பிட்டது யார்?

‘கோன் பனேகா குரோர்பதி’ என்ற இந்தி வினாடி வினா நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி “25 லட்சம் லாட்டரி விழுந்திருக்கிறது” என்று வாட்ஸ்அப்பில் வரும் மோசடிச் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அந்த நிகழ்ச்சிக்கும் லாட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. நம் பக்கத்தில் இதே வேலை “குழந்தைகள் ஆடிஷன்” என்ற பெயரில் நடக்கும். பதிவுக் கட்டணம், போட்டோ ஷூட் கட்டணம், “ஃபைனல் செலக்‌ஷன்” கட்டணம் என்று படிப்படியாகக் கேட்பார்கள்.

பங்கேற்பாளரிடம் நாங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. பணம் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். கேட்காவிட்டாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் நடுவில் திரையில் ஓடும் எண்ணும் உங்களைக் கூப்பிட்ட எண்ணும் ஒன்றா? இல்லையென்றால் சேனல் அலுவலக எண்ணுக்குப் போன் போட்டு, “இந்தப் பெயரில் உங்களிடம் ஒருவர் இருக்கிறாரா?” என்று கேளுங்கள். நிறைய நிகழ்ச்சிகளை வெளி நிறுவனங்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. ஆகவே கூப்பிட்டவர் சேனல் ஊழியராக இல்லாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் எந்தத் தயாரிப்பு நிறுவனம் என்று அவர் தயங்காமல் சொல்ல வேண்டும். பணம் ஏற்கனவே போய்விட்டதென்றால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றப் பண மோசடிக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

இரண்டாம் படி: அந்த முதல் போன் பேச்சு

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பிரச்சினையில் மாட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் மாட்டினார்கள்.

போனில் பேசும்போது அது ஷூட்டிங் மாதிரியே தெரியாது. எதிரில் கேமரா கிடையாது. பாசமாகப் பேசும் ஒரு பெண்ணோ பையனோ “அம்மா சாப்டீங்களா?” என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் நடிக்கவில்லை, நானும் நடித்ததில்லை. ஆனால் பேசிக்கொண்டே குறிப்பு எடுத்துக்கொண்டிருப்போம். அந்தக் குறிப்பு இயக்குநருக்குப் போகும், அங்கிருந்து தொகுப்பாளரின் கையிலிருக்கும் அட்டைக்குப் போகும். கோஆர்டினேட்டரிடம் சொன்ன எதையும் கேமரா முன்னால் சொன்னதாகவே கணக்கில் வையுங்கள்.

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது மாதிரி ஒரு தலைப்பு. போனில் நாற்பது நிமிடம் பேசினோம். மாடு, மழை, மஞ்சள் விலை என்று போய்க்கொண்டிருந்த பேச்சில், மகன் தொழிலுக்காகத் தன் தாலிக்கொடியை அடகு வைத்ததையும் அது இன்னும் மீளவில்லை என்பதையும் சொன்னார். “மஞ்சக் கயிறுதான் கண்ணு போட்டிருக்கறேன், வெளிய தெரியாம சீலைக்குள்ள விட்டுக்கறேன்” என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

ஷூட்டிங் அன்று எதிர் வரிசையில் மகன் உட்கார்ந்திருந்தார். தொகுப்பாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, “அம்மா, கழுத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அந்த அம்மாவின் கை தானாக முந்தானைக்குப் போனது. பதில் சொல்வதற்கு முன் அவர் மகனைப் பார்த்தார், மகன் தரையைப் பார்த்தார். ஏழெட்டு நொடி யாரும் பேசவில்லை. அந்த ஏழெட்டு நொடிதான் அந்த வாரத்து புரோமோ.

ராத்திரி பஸ் ஏற்றி விடும்போது என்னிடம் சொன்னார்: “நீ கேட்டேன்னு சொன்னேன் கண்ணு. ஊரே கேக்கும்னு நெனைக்கல.”

அந்த அட்டையில் இருந்தது என் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் போனிலேயே “இதை எழுதிக்கொள்ளட்டுமா?” என்று கேட்க ஆரம்பித்தேன். எல்லாரும் அப்படிக் கேட்பார்கள் என்று நீங்கள் நம்பி உட்கார வேண்டாம். போன் எடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: கடன், நகை, வீட்டில் யாருக்காவது இருக்கும் நோய், ஒருவரின் குடிப்பழக்கம், பெண்ணின் கல்யாணப் பேச்சு, சொத்துத் தகராறு. இதில் எது உங்கள் வீட்டில் உண்டோ அது போனில் வரவே கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் அப்போதே, “தம்பி, இப்போது சொன்னதை எழுத வேண்டாம், நிகழ்ச்சியில் கேட்கவும் வேண்டாம்” என்று சொல்லுங்கள். அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால் டீமும் யோசிக்கும்.

குடும்பச் சண்டையைத் தீர்த்து வைக்கிறோம் என்று கூப்பிடும் நிகழ்ச்சி என்றால் என் கருத்து ஒன்றுதான்: போகாதீர்கள். அந்த வகையில் தமிழில் மிகவும் பிரபலமாக இருந்த ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சிக்கு 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. குடும்பப் பிரச்சினைக்குக் குடும்பநல நீதிமன்றம் இருக்கிறது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். அங்கே பேசியது யூடியூபில் வராது.

மூன்றாம் படி: வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லுங்கள்

நீங்கள் பேசப்போவது உங்களைப் பற்றி மட்டுமாக இருக்காது. கணவர், மாமியார், அண்ணன் என்று யாராவது அதில் வருவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். “உங்களைப் பற்றி இந்த ஒரு விஷயம் சொல்லப் போகிறேன்” என்று அந்த வாக்கியத்தையே சொல்லிக் காட்டுங்கள். முகம் மாறினால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

அரசு ஊழியர்கள் கட்டாயம் நடத்தை விதிகளைப் பார்க்க வேண்டும். மத்திய அரசுப் பணி என்றால் 1964 விதிகள், தமிழக அரசுப் பணி என்றால் 1973 விதிகள். இலக்கியம், கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், துறையைப் பற்றியோ அரசுத் திட்டத்தைப் பற்றியோ வாய் திறக்க வேண்டிய தலைப்பு என்றால் முன் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. தனியார் வேலையிலும் பணி ஒப்பந்தத்தில் ஊடகங்களிடம் பேசுவது பற்றி ஒரு பிரிவு இருக்கலாம். அதைப் படித்துவிடுங்கள்.

நான்காம் படி: உங்கள் 40 நொடி

ஒரு எபிசோடுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 40, 50 பேர் வருவார்கள். ஷூட்டிங் எட்டு மணி நேரம், சில நாள் பத்து மணி நேரம். விளம்பரம் போக ஒளிபரப்பாவது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். தொகுப்பாளரும் சிறப்பு விருந்தினர்களும் எடுத்துக்கொண்டது போக மீதி எல்லாருக்கும். நன்றாகப் பேசுபவருக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். பலருக்கு 40 நொடி. சிலருக்குத் தலையாட்டும் ஷாட் மட்டும்தான்.

அந்த 40 நொடியில் கருத்து சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். “அந்தக் காலத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அருமை தெரியவில்லை” என்று இருபது பேர் சொல்வார்கள். எடிட்டிங்கில் இருபதும் போய்விடும்.

முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். ஒரு கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். “அனைவருக்கும் என் முதற்கண் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு” என்று ஆரம்பிக்கும். காலை டிபன் நேரத்தில் எனக்குச் சொல்லிக் காட்டினார். தப்பில்லாமல் சொன்னார், ஆனால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. இட்லியோடு அவருக்கு அவித்த முட்டை வைத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “எங்க அம்மா இதை நூல் வச்சு நாலா அறுக்கும் தாயி. கத்தின்னா மஞ்சக் கரு கத்தியில ஒட்டிக்கும்ல, அது வீணாப் போயிரும்” என்றார்.

“அண்ணே, அந்த நோட்டை மூடி வையுங்கள். இதைச் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் அதைத்தான் சொன்னார். நூலின் இரண்டு முனையையும் பிடிப்பது போல விரலை வைத்துக் காட்டினார். நாலு பிள்ளைக்கு நாலு துண்டு, அம்மாவுக்கு இல்லை என்பதை அவர் வாயால் சொல்லவே இல்லை. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அவர் விரலையே பார்த்தார்கள். 35 நொடி. ஒரு சொல்கூட வெட்டாமல் போனது.

நீங்கள் தயாராகும்போதும் இப்படித்தான் தேட வேண்டும். உங்கள் கருத்துக்குக் காரணமான ஒரு நாள் இருக்கும். அந்த நாளில் கையில் என்ன இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று யோசியுங்கள். போனில் ரெக்கார்டு செய்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் முன்கதையைக் குறையுங்கள். மனப்பாடம் வேண்டாம். மனப்பாடம் செய்தவர்கள் நடுவில் தொகுப்பாளர் ஒரு கேள்வி கேட்டால் தடம் புரண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். உங்கள் வழக்கிலேயே பேசுங்கள். நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ அதை மாற்ற வேண்டாம்.

பாட்டு, காமெடிப் போட்டி என்றால் தயாரிப்பு வேறு, அதை அந்தக் கலை தெரிந்தவர்கள் சொல்வதுதான் சரி. ஒன்று மட்டும் சொல்கிறேன். திருச்சியிலிருந்து ‘கலக்கப்போவது யாரு’ மேடைக்கு வந்த சிவகார்த்திகேயனும், 2018-ல் ‘சூப்பர் சிங்கர்’ பட்டம் வென்ற நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷும் டிவிக்கு வருமுன்பே மேடை ஏறிப் பழகியவர்கள். ஆடிஷனில் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அதற்கு நீங்கள் ஏற்கனவே நூறு பேர் முன்னால் செய்து பார்த்த ஒன்றை எடுத்துப் போங்கள், முந்தின வாரம் கற்றதை வேண்டாம்.

ஐந்தாம் படி: உடையும் பயணமும்

வெள்ளை வேண்டாம், விளக்கில் பளீரென்று அடிக்கும். நெருக்கமான கோடும் சின்னச் சின்னக் கட்டமும் கேமராவில் அலை அலையாக நெளியும். கம்பெனிப் பெயர் போட்ட சட்டை, தலைவர் படம் போட்ட சட்டை போட்டு வந்தால் டேப் ஒட்டுவார்கள் அல்லது மாற்றச் சொல்வார்கள். நடுத்தரமான ஒற்றை நிறம், பருத்தி, அதுதான் நன்றாக இருக்கும். மொடமொடப்பான பட்டுப்புடவை மைக்கில் உரசிச் சத்தம் போடும், கண்ணாடி வளையலும் அப்படித்தான். மாற்றுக்கு ஒரு உடை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோ ஏசி நடுங்க வைக்கும். பெரியவர்கள் சால்வை இல்லாமல் வரக் கூடாது. இடைவேளையில் போர்த்திக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையும் பிஸ்கட்டும் கைப்பையில் வைத்திருங்கள். மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கும் வரலாம், மூன்றரைக்கும் வரலாம். இதை முதலிலேயே கோஆர்டினேட்டரிடம் சொல்லிவிட்டால் தனியாகச் சாப்பிட ஏற்பாடு செய்வார்கள்.

தென் மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியது: 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில்தான் இப்போது பஸ் நிற்கும். அங்கிருந்து வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கத்து ஸ்டுடியோக்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூந்தமல்லி தாண்டி என்றால் இன்னும் கூடுதல். விடிகாலை வந்து இறங்கி, எங்கேயாவது முகம் கழுவிவிட்டு நேராக செட்டுக்கு வருபவர்களின் களைப்பு கேமராவில் அப்படியே தெரியும். முந்தின நாள் சாயங்காலம் வந்துவிட முடிந்தால் நல்லது. தங்க இடம், போக்குவரத்துச் செலவு, அன்றைய சாப்பாடு இவை யார் பொறுப்பு என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விவாத நிகழ்ச்சிகளில் பேசுவதற்குச் சம்பளம் என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறாம் படி: அந்த ஃபார்ம்

உள்ளே போனதும் ஒரு தாளை நீட்டி “இங்கே ஒரு கையெழுத்து” என்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் சாரம் இதுதான்: உங்கள் முகம், குரல், நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் உலகில் எங்கேயும், எந்த வடிவத்திலும், எத்தனை வருடம் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், விருப்பப்படி வெட்டி ஒட்டலாம், அதற்காக நீங்கள் பணமோ நஷ்ட ஈடோ கேட்க மாட்டீர்கள்.

இந்தத் தாள் இல்லாமல் எந்தச் சேனலும் ஒளிபரப்பாது, அதனால் கையெழுத்துப் போடாமல் பேச முடியாது. ஆனாலும் உங்களால் செய்யக் கூடியது உண்டு. முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, தெரிந்த ஒருவரை வைத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்டதும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளிலோ தேதி போடாத தாளிலோ கையெழுத்து வேண்டாம். ஊர்ப் பெயர், வேலை செய்யும் இடம், பிள்ளையின் பள்ளி ஆகியவை திரையில் வர வேண்டாம் என்றால் அதைத் தாளிலேயே பேனாவால் எழுதி, கோஆர்டினேட்டரையும் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் நான்கைந்து பேர்தான். நான்கைந்து பேருக்கும் செய்து கொடுத்தோம்.

ஏழாம் படி: செட்டுக்குள்

முதலில் காத்திருப்பு. ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் பன்னிரண்டுக்கு ஆரம்பிக்கலாம். ஒரே நாளில் இரண்டு எபிசோடு எடுக்கும் வழக்கமும் உண்டு. நீங்கள் இரண்டாவதில் இருந்தால் ராத்திரி ஆகிவிடும். கடைசி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

இருக்கையை அவர்கள்தான் ஒதுக்குவார்கள். நன்றாகப் பேசுவார் என்று நாங்கள் நினைப்பவரைத் தொகுப்பாளர் நடந்து போகும் பக்கமாக, முதல் இரண்டு வரிசையில் வைப்போம். பின்னால் உட்கார வைத்தால் மனம் தளர வேண்டாம். கை தூக்குங்கள், மற்றவர் பேசும்போது கவனித்துக் கேளுங்கள். மேலே கண்ட்ரோல் ரூமில் இருக்கும் இயக்குநர் எட்டுப் பத்து கேமராவின் படத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் ஆர்வம் தெரிந்தால் தொகுப்பாளரின் காதிலிருக்கும் கருவியில் “மூன்றாவது வரிசை, நீலப் புடவை” என்று சொல்லிவிடுவார்.

சட்டையில் மைக் மாட்டிய நொடியிலிருந்து உங்கள் பேச்சு ஆடியோ அறைக்குக் கேட்கும். இடைவேளையிலும் கேட்கும், பாத்ரூமிலும் கேட்கும். பக்கத்தில் இருப்பவரிடம் எதிர் வரிசையைப் பற்றிக் கிசுகிசுக்காதீர்கள். வீட்டுக்குப் போன் பேசுவதென்றால் மைக்கைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் கைதட்டச் சொல்லியும், சிரிக்கச் சொல்லியும், யோசிப்பது போல இருக்கச் சொல்லியும் தனியாக எடுப்பார்கள். இந்த ஷாட்கள் பிறகு எங்கே வேண்டுமானாலும் ஒட்டப்படலாம். ஒருவர் அழுதுகொண்டே பேசும் இடத்தில், காலையில் வேறெதற்கோ நீங்கள் சிரித்தது வந்தால் பார்ப்பவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். கைதட்டுவதில் ஆபத்தில்லை. ஓவராகச் சிரிப்பது, தலையில் அடித்துக்கொள்வது, முகம் சுளிப்பது இதையெல்லாம் சொன்னாலும் செய்யாதீர்கள். ஷூட்டிங் முடிகிற வரை பொட்டு, பூ, தலை சீவியது எதையும் மாற்றவும் வேண்டாம். முன்பின் ஒட்டும்போது ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் பேசிய இடம் வெட்டுப்படும்.

பேசும்போது கேமராவைத் தேடாதீர்கள், கேட்டவரின் முகத்தைப் பாருங்கள். தடுமாறினால் ஒரு நொடி நிறுத்தி வாக்கியத்தைப் புதிதாக ஆரம்பியுங்கள், எடிட்டர் சுத்தமாக ஒட்டிவிடுவார். கோபம் வருவது போலத் தூண்டும் கேள்வி வரும். பதில் சொல்ல விருப்பம் இல்லையென்றால் “அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை” என்று அமைதியாக, சிரிக்காமல், ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அதுவே பேட்டியாகிவிடும். மறுபடி கேட்டால் அதே வாக்கியம்தான். அந்த ஈரோட்டு அம்மாவுக்கு இந்த ஒரு வாக்கியத்தை நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

சொன்ன பிறகு, “ஐயோ, இது வரக் கூடாது” என்று தோன்றினால் செட்டை விட்டுப் போவதற்கு முன் இயக்குநர் டீமிடம் சொல்லுங்கள். அன்றே சொன்னால் கேட்பார்கள். எடிட்டிங் முடிந்து புரோமோ போன பிறகு சொன்னால் கஷ்டம்.

பரிசு விழுந்தால்

வினாடி வினாவிலோ போட்டியிலோ ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி, அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி, ஆக மொத்தம் 31.2 சதவீதம். உங்கள் மற்ற வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் இந்தப் பணத்துக்கு விலக்கு கிடையாது. பத்து லட்சம் ஜெயித்தால் 3 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு 7 லட்சம் தருவார்கள், செஸ் 12,000 ரூபாயை நீங்கள் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டும். கார், நகை போன்ற பொருளாகக் கிடைத்தாலும் அதன் மதிப்புக்கு வரி கட்டிய பிறகே கையில் தருவார்கள். மேடையில் கார் சாவி வாங்கி, வரி கட்டப் பணம் இல்லாமல் கடன் வாங்கும் நிலை வரலாம். அதை யார் கட்டுவது என்று இறுதிச் சுற்றுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பணம் வந்த செய்தி ஊருக்கே தெரியும் என்பது இன்னொரு பாரம். பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷீல் குமார் 2011-ல் ‘கோன் பனேகா குரோர்பதி’யில் 5 கோடி ரூபாய் வென்றார். 2020-ல் அவரே ஃபேஸ்புக்கில் எழுதினார்: 2015, 2016 காலம்தான் என் வாழ்க்கையின் மிகக் கஷ்டமான காலம், உதவி கேட்டு வந்தவர்களில் ஏமாற்றியவர்களும் இருந்தார்கள், “இப்போது என்ன செய்கிறீர்கள்?” என்று பேட்டியில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே பழக்கமில்லாத தொழில்களில் பணம் போட்டுத் தோற்றேன் என்று. இதைப் படித்தபோது எனக்கு மனது ரொம்பக் கனத்துவிட்டது. பணம் வந்தால் முதல் ஆறு மாதம் அதை அப்படியே வங்கியில் வையுங்கள். யார் கேட்டாலும் “ஆறு மாதம் எடுக்க முடியாது” என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

சட்டம் உங்கள் பிள்ளை பக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, 14 வயது நிறையாத குழந்தையைக் கலைஞராகப் பயன்படுத்தும் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். “அனுமதி வாங்கிவிட்டீர்களா, நகல் தருகிறீர்களா?” என்று கேளுங்கள். ஒழுங்கான தயாரிப்பாளர் கோபப்பட மாட்டார்.

தோற்கும் நாளுக்கும் பிள்ளையைத் தயார் செய்யுங்கள். வெளியேற்றப்பட்டதும் குழந்தை அழும் முகத்தைக் கேமரா நெருங்கிப் போகும். முடிவு வந்த நொடியில் நீங்கள் எழுந்து மேடைக்குப் போய்ப் பிள்ளையை அணைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க முடியாது. முகம் உங்கள் தோளில் புதைந்துவிட்டால் அந்த ஷாட் கிடைக்காது. நான் பார்த்த அப்பா ஒருவர் இதைத்தான் செய்தார்.

கடைசிப் படி: ஒளிபரப்பும் மறுநாளும்

தேதி மாறும். கிரிக்கெட், தேர்தல், பண்டிகைப் படம் என்று எதுவும் தள்ளிப் போட்டுவிடும். கோஆர்டினேட்டர் உறுதியாகச் சொன்ன பிறகு சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள். அப்போதும் “நான் பேசியது வருமா தெரியாது, வந்திருந்தேன்” என்று மட்டும் சொல்லுங்கள். தெருவே கூடி உட்கார்ந்து பார்த்து, ஒரு காட்சியிலும் வராமல் போனவர்களின் வருத்தத்தைப் போனில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

டிவியில் ஒரு முறை வந்துவிட்டுப் போவது பழைய கதை. இப்போது ராத்திரியே யூடியூபில் துண்டு துண்டாக வரும், மறுநாள் மீம் வரும். கமெண்ட்களை நீங்கள் படிக்காதீர்கள். வீட்டில் நிதானமான ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஏதாவது மோசமாக இருந்தால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பதில் எழுதவே வேண்டாம். உங்கள் பதிலின் ஸ்கிரீன்ஷாட் அடுத்த மீம் ஆகும். உங்கள் முகத்தை ஆபாசமாக மாற்றிப் போட்டாலோ, எண்ணையும் முகவரியையும் வெளியிட்டாலோ, ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். யூடியூபிலேயே தனியுரிமைப் புகாருக்குத் தனி வழி இருக்கிறது. தூக்கம் வராமல் மனம் உடைந்துபோனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பேசுங்கள், இலவசம், தமிழிலும் பேசலாம்.

நீங்கள் சொன்னதைத் திரித்து வெட்டிவிட்டார்கள் என்றால் சேனலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கேபிள் டிவி விதிகளில் 2021-ல் வந்த திருத்தப்படி அவர்கள் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். அப்போது அந்த ஃபார்ம் போட்டோவும் வாட்ஸ்அப் செய்திகளும் உதவும்.

நல்லபடியாக வந்திருந்தால் ஒரு பிரதியைச் சேர்த்து வையுங்கள். இணைப்புகள் ஒரு நாள் காணாமல் போய்விடும். முதுகுளத்தூர்க் கொத்தனார் ஒளிபரப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார். சாயல்குடியில் அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குச் சித்தாள்கள் வீட்டிலிருந்து அவித்த முட்டை கொண்டுவந்து, நூலும் கொடுத்து அறுத்துக் காட்டச் சொல்கிறார்களாம். அவர் கையில் பட்டன் போன்தான் இருந்தது. “அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும் தாயி, அன்னைக்குக் கரண்டு போயிருச்சு” என்றார். பென்டிரைவில் ஏற்றி கூரியரில் அனுப்பினேன். அந்த 35 நொடியை மட்டும் தனியாக வெட்டி, முதல் ஃபைலாக வைத்திருந்தேன்.